மாக்கோழியும் மண் பொம்மையும்

நம் சங்கத்து நூலகத்தில் மாதம் ஒரு முறை நடக்கும் வாசிப்புக் கூட்டத்தில், ஐஞ்சிறு காப்பியங்களைப் பற்றிப் பேசும் பொறுப்பை அடியேனிடம் விட்டிருந்தார்கள். யசோதர காவியத்தின் கதையைச் சொல்லி முடித்ததும், ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு தம்பி எழுந்தார். "ஐயா, அவன் வெட்டினது மாவுக் கோழியைத்தானே? நிஜக் கோழியை விட்டுட்டு மாவுல செஞ்சு வெட்டினதே ஒரு முன்னேற்றம் இல்லையா? அதுக்குப் போய் இத்தனை பிறவி மிருகமா அலையணுமா?" என்று கேட்டார்.

நான் வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொன்னேன். எண்ணம்தான் வினை, கை செய்வது பிறகுதான் என்றேன். தம்பி மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் திருப்தி இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் இல்லை. சின்ன வயதில் பாட்டி இந்தக் கதையைச் சொன்னபோது நானும் இதையேதான் கேட்டேன். "வாயை மூடிக்கிட்டுக் கேளுடா" என்றாள். அறுபது தாண்டிய பிறகு, அந்தத் தம்பியின் தயவால், நூலை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அதில் எனக்குப் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புலவர் பட்டம் பெற்றவன் அல்ல நான், மளிகைக்கடைக்காரன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவந்தி நாட்டு உச்சயினியில் யசோதரன் என்று ஓர் அரசன். அவன் மனைவி அமிர்தமதி, நள்ளிரவில் யானைப்பாகன் ஒருவன் பாடிய பாட்டைக் கேட்டு அவன்மேல் மையல் கொள்கிறாள். அந்தப் பாகனோ உடல் கோணிய விகார உருவத்தான். ஓர் இரவு அவளைப் பின்தொடர்ந்து போன அரசன் இருவரையும் கண்ணாரக் கண்டு வாளை உருவுகிறான். பிறகு யோசித்து உறையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறான். மறுநாள் தாய் சந்திரமதி, மகனின் முகவாட்டத்தைப் பார்த்துக் காரணம் கேட்கிறாள். உள்ளதைச் சொல்ல நாக்கு எழவில்லை. கண்டதைக் கனவாக மாற்றிச் சொல்கிறான். கெட்ட கனவென்றால் சண்டமாரிக்குப் பலி கொடுத்துவிடு என்கிறாள் அவள். உயிர்ப்பலி கூடாது என்று மகன் மறுக்க, அப்படியானால் மாவினால் ஒரு கோழி செய்து வெட்டு என்கிறாள். அவன் சம்மதிக்கிறான். வாள் பட்டதும் அந்த மாக்கோழி உயிருள்ளது போலவே கூவி விழுகிறது. அரசன் நடுங்கிப்போய்த் துறவு பூண நினைக்கிறான். அதற்குள் மனைவி விஷம் வைத்துத் தாயையும் மகனையும் கொன்றுவிடுகிறாள். மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, அந்த நாயே அந்த மயிலைக் கடித்துக் கொல்கிறது. அப்புறம் முள்ளம்பன்றியும் பாம்பும், மீனும் முதலையும், ஆடு, எருமை என்று போகிறது. இடையில் ஒரு பிறவியில், யசோதரனின் நற்கதிக்காக அவன் மகன் கொடுக்கும் திதிக்கு யசோதரனையே அறுத்துச் சமைக்கிறார்கள். இந்த ஓர் இடத்துக்காகவே இந்த ஆசிரியரை மகாகவி என்பேன். அவர் பெயர்கூட நமக்கு நிச்சயமாகத் தெரியாது.

தம்பியின் கேள்வி இந்த இடத்தில்தான் வருகிறது. மாவுக்கு இத்தனை தண்டனையா?

மறுபடி படித்தபோது என் கண்ணில் முதலில் பட்டது, முந்தின இரவு யசோதரன் வென்ற கோபம். கட்டிய மனைவியை அந்த நிலையில் கண்டும் வெட்டாமல் திரும்பினான் ஒருவன் என்றால், அவனைச் சாமானியன் என்று சொல்ல முடியுமா? அத்தனை பெரிய கோபத்தை விழுங்கியவன், விடிந்ததும் ஓர் அச்சத்துக்கும் அம்மாவின் பிரியத்துக்கும் தோற்றான். மாவைப் பிசைவதற்கு முன்பே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. கனவு என்று சொல்லாமல் இருந்திருந்தால் பலிப்பேச்சே எழுந்திராது. தாயும் கெட்டவள் அல்லள். மகன் நன்றாக இருக்க வேண்டும், அவன் கொள்கையும் கெடக்கூடாது என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாக்கோழி அன்பின் கண்டுபிடிப்பு. நம் வீடுகளில் அம்மாக்கள் இப்படி எத்தனை நடுவழி கண்டுபிடிப்பார்கள்!

ஆனால் சண்டமாரியின் முன் நின்றபோது அவன் மனத்தில் இருந்தது என்ன? இந்த உயிரை எடுத்துக்கொள், எனக்கு வந்த தீமையை விலக்கு என்ற பேரம். கையில் இருந்த பொருள் மாறியதே தவிர பேரம் மாறவில்லை. கன்னடத்தில் இதே கதையை 1209-இல் 'யசோதர சரிதெ' என்று பாடிய ஜன்னன் இதைச் சங்கல்ப ஹிம்சை என்றே சொல்கிறான். இந்த ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஜன்னனைப் படிக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யசோதர காவியம் என்று தமிழில் ஒன்று இருப்பதே தெரியாது. போகட்டும்.

நூலில் எனக்கு ஒரு குறையும் படுகிறது. என் சமயத்து நூல் என்பதற்காக மறைக்க மாட்டேன். எண்ணமே வினை என்றால், அந்த மாக்கோழி ஏன் கூவ வேண்டும்? ஒரு தெய்வம் அதனுள் புகுந்து கூவியது என்று ஆசிரியர் ஏன் அமைத்தார்? மாவு மாவாகவே, சத்தமில்லாமல், இரண்டு துண்டாக விழுந்திருக்க வேண்டும். அப்படி விழுந்தும் அவனுக்கு வினை ஒட்டியது என்று காட்டியிருந்தால் தம்பியின் கேள்விக்கு நூலே பதிலாகியிருக்கும். கூவவிட்டதால், அது பாதி உயிர்க்கோழி ஆகிவிட்டது. கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும், வாதம் இளைத்துவிடும். இந்தக் கூவல் தமிழ் ஆசிரியர் புதிதாகச் சேர்த்தது அல்ல, ஜன்னனிடமும் உண்டு. கிரீஷ் கர்னாட் 1980-இல் எழுதிய 'ஹிட்டின ஹுஞ்ஜ' நாடகமும் அந்தக் கூவலை விடவில்லை. தலைப்புக்கு மாவுச் சேவல் என்றுதான் பொருள். மேடைக்குக் கூவல் வேண்டும், தத்துவத்துக்கு வேண்டாம்.

இனி இன்னொரு நூலுக்கு வருகிறேன். இதே ஐஞ்சிறு காப்பியப் பட்டியலில் உள்ள நீலகேசி. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் சமய திவாகர வாமன முனிவரின் உரையோடு பதிப்பித்தார். அந்தக் கதை தொடங்குவதும் ஒரு பலியில்தான். பாஞ்சால நாட்டில் அரசி மகப்பெற்ற மகிழ்ச்சிக்குக் காளிக்குப் பலியிட ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். அங்கே தங்கியிருந்த முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் அவர்களைத் தடுத்து, என்ன சொல்கிறார்? மண்ணால் பொம்மை செய்து வையுங்கள், தேவிக்கு அது போதும் என்கிறார்!

படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. முன்பும் படித்தவன்தான், ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஒரு நூலில் மாப்பொம்மை செய்தவன் மிருகப் பிறவிகளில் உழல்கிறான். இன்னொன்றில் மண்பொம்மை செய்யச் சொல்பவர் முனிவர். இரண்டும் சமண நூல், இரண்டும் தமிழ். எது சரி?

உடனே ஒரு வித்தியாசம் சொல்லலாம். மண்பொம்மையை வைத்துவிட்டு வந்துவிடுவார்கள், வெட்டுவதில்லை. நம் ஊர் ஐயனார் கோயில் மண்குதிரை மாதிரி. யசோதரன் வாளால் வெட்டினான். இந்த வித்தியாசம் உண்மைதான், ஆனால் முழுப்பதில் அல்ல என்று நினைக்கிறேன். யசோதர காவியத்தின் ஆசிரியர் பலியிடுகிறவன் பக்கம் நின்று பார்க்கிறார். அவனுக்கு என்ன ஆகும், அவன் உயிரில் என்ன படியும் என்பதே அவருக்குக் கவலை. முனிச்சந்திரர் அந்தக் கணத்தில் ஆட்டின் பக்கம் நிற்கிறார். ஓட்டிக்கொண்டு வந்த கூட்டத்தின் மனம் திருந்துகிற வரைக்கும் ஆடு காத்திருக்க முடியாது. முதலில் கயிற்றை அவிழ்க்க வேண்டும், உபதேசம் பிறகு.

இந்தக் கோணம் யசோதர காவியத்தில் இல்லை. மாக்கோழிக்குப் பதிலாக வெட்டப்படாமல் தப்பிய உயிர்க்கோழி ஒன்று உச்சயினியில் எங்கோ தானியம் பொறுக்கிக்கொண்டிருந்திருக்குமே, அதைப் பற்றி ஆசிரியர் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை. தம்பி கேட்டது அந்தக் கோழிக்காகத்தான் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

மாற்றுப்பொருள் என்பது கதையோடு போன விஷயமும் அல்ல. ஆயுதபூசை அன்று இந்த ஊர்த் தெருக்களில் எத்தனை பூசணிக்காய்! உள்ளே குங்குமத்தைக் கொட்டி, வண்டிக்கு முன்னால் ஓங்கிப் போட்டு உடைக்கிறோம். அந்தச் சிவப்பு எதற்காக என்று யாராவது யோசிக்கிறோமா? மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் வருகிறவர்கள் அதில் வழுக்கி விழுகிறார்கள். கண்ணேறு என் வண்டிக்கு வேண்டாம் என்று உடைக்கிறவர், பின்னால் வருகிறவரின் முழங்காலைப் பற்றி நினைப்பதில்லை. யசோதர காவியத்தின் ஆசிரியர் இந்த ஊரில் இருந்திருந்தால் இதைத்தான் பாடியிருப்பார். அதே சமயம், ஆட்டுக்குப் பதில் பூசணி வந்தது ஆட்டுக்கு நல்லதுதானே? கர்நாடகத்தில் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1959-இல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1950-இலேயே வந்து, 2003-இல் தூசி தட்டி எடுக்கப்பட்டு, 2004-இல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் மனத்தைத் திருத்தாது என்று எங்களவர்களே சிலர் அப்போது பேசினார்கள். நானும் தலையாட்டினேன். இன்றைக்கு அப்படி ஆட்ட மாட்டேன். சட்டத்தின் வேலை ஆட்டைக் காப்பது.

மனிதக் குறை முன்னேற்றத்தால் தீருமா என்ற பெரிய கேள்விக்குள் நம்மை அறியாமலே வந்துவிட்டோம். தீரும் என்று நெஞ்சாரச் சொன்னவர் பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்செ. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-94-இல், தன்னைப் பிடிக்கத் தேடுகிறார்கள் என்று பாரிஸில் ஒளிந்திருந்து, மனித அறிவின் முன்னேற்றத்தைப் பற்றி நூல் எழுதினார். மனிதன் மேம்படுவதற்கு எல்லையே இல்லை என்பது அவர் கட்சி. 1794-இல் சிறையில் இறந்தார், நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்திலும் மனிதன்மேல் நம்பிக்கை வைத்து எழுதினாரே, அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

எங்கள் மரபு இதை வேறு விதமாகச் சொல்கிறது. காலம் சக்கரம், ஏறும், இறங்கும். ஒவ்வோர் உயிரும் குறையற்ற நிலையை அடைய முடியும், ஆனால் உலகம் மொத்தமாக அங்கே போய்ச் சேராது. இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது ஸ்ரீபுராணம் வருணிக்கும் போகபூமிதான். அந்தக் காலத்தில் பசி இல்லை, உழைப்பு இல்லை, வேண்டியதெல்லாம் கற்பக மரம் கொடுக்கும். ஆனால் அங்கே ஒருவர்கூட வீடுபேறு அடைவதில்லை. விரதம் என்ற ஒன்றை எடுக்கவே அங்கே வழி கிடையாது. மரங்கள் வற்றிப் பஞ்சம் எட்டிப்பார்த்தபோதுதான் ரிஷபதேவர் தோன்றுகிறார். தோன்றியதும் தவம் செய்யச் சொல்லவில்லை. வாள், எழுத்து, உழவு, கலை, வாணிபம், சிற்பம் என்ற ஆறு தொழில்களைக் கற்றுக்கொடுக்கிறார். துறவெல்லாம் அதற்குப் பிறகுதான். முன்னேற்றத்தை ஆரம்பித்து வைத்தவரே எங்கள் முதல் தீர்த்தங்கரர். சமணம் முன்னேற்றத்துக்கு விரோதி என்று சொல்கிறவர்கள் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

ஆறில் ஒன்றான வாணிபத்தில் நாற்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில், கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைச் சொல்கிறது. அதிசாரம் என்றால் விரதம் அடியோடு முறியாமல் கறைபடுவது. அந்த ஐந்தில் எடையிலும் அளவையிலும் குறைப்பது ஒன்று, நல்ல சரக்கோடு மட்டத்தைக் கலப்பது இன்னொன்று. தமிழில் அருங்கலச் செப்பிலும் இவை உண்டு. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்குக் குறையாத அந்தப் பட்டியலையும், 2009-ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே எடைக்குறைப்பு இரண்டிலும் இருக்கும்.

1956-இல் சட்டம் வந்து, 1958-லிருந்து வீசையும் படியும் போய்க் கிலோவும் லிட்டரும் வரத் தொடங்கியபோது, இனிமேல் ஏமாற்று ஒழிந்தது என்று ஜனங்கள் நம்பியதாக அப்பா சொல்வார். தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிற கதை கிலோ வந்த பிறகும் தொடர்ந்தது. பிறகு மின்னணுத் தராசு வந்தது. புளி ஒட்ட முடியாது, முள் சாய்க்க முடியாது. கிராம் கணக்கில் எண் ஓடுகிறது. நான் வாங்கிய முதல் இயந்திரத்தில், பாத்திர எடையைக் கழிப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. டேர் என்று போட்டிருக்கும். முந்திரியும் திராட்சையும் அட்டை டப்பாவில் போட்டு நிறுக்கும்போது அந்தப் பொத்தானை நான் அமுக்குவதில்லை. டப்பா முந்திரி விலைக்குப் போகும். ஒரு டப்பாவுக்கு முப்பது நாற்பது கிராம். இயந்திரம் பொய் சொல்லவில்லை, முத்திரை சரி, எண் சரி. எல்லாக் கடையிலும் அப்படித்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி எத்தனை தீபாவளி போயிற்று என்று எண்ணிப் பார்க்கவே கூசுகிறது. ராத்திரி வீட்டுக்குப் போய் யசோதர காவியத்தைப் படித்து, சங்கல்ப ஹிம்சை என்று ஓரத்தில் பென்சிலால் குறிப்பும் எழுதுவேன்.

பழைய தராசைவிட இது மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புளி ஒட்டுகிறவன் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், என்னால் டப்பாவின் எடை வரைக்கும்தான் அடிக்க முடிந்தது. வாங்குகிறவருக்கு அந்த அளவு லாபம். அது தப்பிய கோழி மாதிரி, கணக்கில் வைக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை மட்டும் ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பொத்தானை அமுக்க ஆரம்பித்தது எப்படி என்றால், ஒரு பாட்டியம்மா, இந்த ஊர்க்காரர், "டப்பா தூக்க எஷ்டு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். டப்பாவின் எடை எவ்வளவு என்றார். அதட்டிக் கேட்டிருந்தால் அதட்டிப் பதில் சொல்லியிருப்பேன். அவர் அடுத்த வாரமும் என்னிடமேதான் வந்து வாங்கினார்.

காவியத்தில் மாரிதத்தன் திருந்துவதும் அப்படித்தான். யசோதரன் கதை முழுவதையும் சொல்பவன் அபயருசி என்ற இளந்துறவி. தங்கை அபயமதியோடு சண்டமாரிக்கு நரபலியாகக் கொண்டுவரப்பட்டவன். யசோதரனும் சந்திரமதியும்தான் கடைசியில் இந்த அண்ணன் தங்கையாகப் பிறந்திருக்கிறார்கள். வெட்ட வாளோடு நிற்கிற அரசன் முன்னால் இருவரும் பயப்படாமல் புன்னகைக்கிறார்கள். ஏன் என்று அவன் கேட்கிறான். கேட்டதால்தான் கதை, கதையைக் கேட்டதால்தான் பலி நின்றது. அதற்கு முந்தின பிறவியில் இருவரும் கோழிகள். முனிவர் ஒருவர் சொன்ன அறத்தைக் கேட்டு, விரதம் ஏற்று, மகிழ்ச்சியில் கூவுகின்றன. கூவிய ஒலியைக் குறிவைத்து அம்பு விடுகிறான் யசோமதி, பழைய யசோதரனின் மகன். இரண்டும் இறந்து அவன் மனைவி வயிற்றிலேயே பிறக்கின்றன. மாக்கோழி கூவியதை ஆசிரியர் வைத்தது இந்தக் கூவலுக்கு ஜோடியாக இருக்கலாம். அப்படியானால் மேலே நான் சொன்ன குற்றத்தைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாதிதான்.

அந்தத் தம்பி நீலகேசியை என்னிடமிருந்து வாங்கிப் போயிருக்கிறார், இன்னும் திருப்பித் தரவில்லை. குண்டலகேசி வாதம் வரை வந்துவிட்டதாகப் போனில் சொன்னார். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டார். மண்பொம்மை போதும் என்று முனிவர் சொன்னதற்குக் காளிக்கு ஏன் அத்தனை கோபம் வந்தது? பழையனூர் நீலியை அனுப்பி அவரைப் பயமுறுத்தப் பார்த்தாளே, அவளுக்கு வேண்டியிருந்தது ரத்தமா, மரியாதையா? வாமன முனிவரின் உரையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும், ஆனால் புத்தகம் அவரிடம் அல்லவா இருக்கிறது! அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.